பெஞ்சுக்குக் கீழே ஒரு பூனை

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. எனக்கும் உன் மாமாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. நீயும் உன் மனைவியும் சுகம்தானே? குட்டிப் பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உடனே, "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் அப்படியில்லை. பாதியில் வைத்தாலும் மீதி மேஜையிலேயே கிடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் தெரு முனையில் மாநகராட்சி ஒரு வளைவு கட்டியிருக்கிறது. 'கலைப் பகுதி உங்களை அன்போடு வரவேற்கிறது' என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. அந்த வளைவுக்கு மட்டும் விளக்கு எரிகிறது. அதைத் தாண்டிக் காலை வைத்தால் கும்மிருட்டு. கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. சாக்கடை இருக்கிறது, மூடி இல்லை. தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியவர்கள் மூடாமல் போனார்கள். கேபிளுக்குத் தோண்டியவர்கள் மூடுவது போல பாவனை செய்துவிட்டுப் போனார்கள். நடைபாதை என்று ஒன்று இருந்ததாகச் சொன்னால் புதிதாக வந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

தெருக்கோடிக் கொட்டகையில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் வளைவு வரைக்கும் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். நடன டீச்சரிடம் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார்கள் பயப்படுகிறார்கள். ஃபிரேம் கடைக்காரருக்கு வருகிற கண்ணாடி பாதி வழியிலேயே நொறுங்கிவிடுகிறது. கொட்டகை மூடிவிட்டால் என்னை யார் மேடைத் திரையில் படம் எழுதச் சொல்வார்கள்? இந்தத் தெருவில் ஒருவர் கையை நம்பித்தான் இன்னொருவர் அடுப்பு எரிகிறது.

மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம். சாலைத் துறையில், "அது கலைப் பகுதிம்மா, கலாசாரத் துறையில கேளுங்க" என்கிறார்கள். அங்கே போனால், "சாக்கடையெல்லாம் கலையாம்மா?" என்று கேட்டுச் சிரிக்கிறான் ஒருத்தன். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். மாமாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

மழைக்கு முன்னால் சாக்கடைக்கு மூடி, தெருவுக்கு விளக்கு, நடக்க ஒரு பாதை. இவ்வளவுதான் கேட்கிறோம். தெருப்பணிக்கு நிதி கேட்டுப் போகிற கோப்பெல்லாம் தலைநகரில் நீ இருக்கிற அலுவலகத்துக்குத்தான் வருகிறதாமே. நீ விழுந்து எழுந்து நடை பழகிய தெரு. ஒரு வார்த்தை சொல்லேன்.

கோபத்தோடு, உன் மேல் இல்லை, ஊர் மேல்,
அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே மூவரும் நலம். குட்டிக்கு இரண்டு பல் வந்துவிட்டது. யார் விரல் கிடைத்தாலும் கடித்துவிடுகிறாள், உன்னைப் போல. மாமாவுக்கு இருமல் இருந்ததே, இப்போது பரவாயில்லையா?

தெருவைப் பற்றி எழுதியிருந்தாய். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் நேரடியாகத் தலையிட்டால் சரியாக இருக்காது. சொந்தக்காரர்களுக்கு வேலை செய்கிறான் என்று பேச்சு வரும். மனுவில் எங்கேயும் என் பெயரைக் குறிப்பிட வேண்டாம். இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு யோசனை சொல்கிறேன். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். இங்கே யாரும் அவ்வளவு படிப்பதில்லை. தெரு சீரானால் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டுங்கள். ஒரு நல்ல படம் இருந்தால் கோப்பு தானாக நகரும். நீ வரையாத படமா?

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மார்ச் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். மாமாவின் இருமல் போய்விட்டது. குட்டி கடிப்பதற்கு நான் என்ன செய்வேன்? நீயும் சின்ன வயதில் கடிக்கிறவன்தான். இப்போதுதான் பல்லைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறாய்.

உன் பெயரை எங்கேயும் போடவில்லை, பயப்படாதே. உன் பெயரை நான் என் தெருவிலேயே சொல்லி நாளாகிறது. "தம்பி எங்கம்மா இருக்கான்?" என்று கேட்டால், "பெரிய ஆபீஸ்ல" என்று மட்டும்தான் சொல்கிறேன்.

ஆனால் படம் என்று சொன்னாய் பார், அது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அட்டையில் சின்னதாக வரைந்து கொடுத்தால் அதையும் கோப்புக்குள் சொருகிவிடுவார்கள். அதனால் வளைவின் அளவுக்கே ஒரு திரை எழுதுகிறேன். காடாத்துணியை ஒட்டுப் போட்டுத் தைத்தாகிவிட்டது. பசை காய்ச்சிப் பூசி, பட்டறைச் சுவரில் அடித்திருக்கிறோம். விளக்கு, நடைபாதை, மூடின சாக்கடை எல்லாம் அதில் இருக்கும். வளைவுக்கு உள்பக்கம் கட்டினால், வெளியே நிற்கிறவர்களுக்குத் தெருவே சீரான மாதிரித் தெரியும். ஓர் இடத்தில் நின்று பார்த்தால்தான் கோடெல்லாம் சரியாகச் சேரும். அந்த இடத்தில் தரையில் சாக்கட்டியால் குறி போட்டுவிடுவேன்.

இனிமேல்தான் விஷயமே. அதிகாரிகள் குறியில் நின்று பார்க்கிறார்கள். பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். அந்த நேரம் நான் கையைத் தட்டுவேன். மேலே ஏணியில் நிற்கிற மாமா முடிச்சை உருவுவார். திரை பொத்தென்று விழும். பின்னால் நிஜத் தெரு, குழியும் சாக்கடையுமாகப் பல்லை இளிக்கும். அதற்கு மேல் ஒரு மனு வேண்டுமா?

ஃபிரேம் கடைக்காரர், "எதுக்கும் துணியில 'இப்படி வேணும்'னு பெருசா எழுதிடலாம்மா" என்றார். எழுத்து வந்தால் படம் செத்துப்போகும். முடியாது என்றுவிட்டேன். நாங்கள் என்ன, சோப்பு விளம்பரமா எழுதுகிறோம்?

அக்கா


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வேலை அதிகம் போலிருக்கிறது.

நேற்று வந்தார்கள். கவுன்சிலரும் மாநகராட்சி இன்ஜினியரும். சொன்ன நேரத்துக்கு வெகு நேரம் கழித்து. அதுவரைக்கும் மாமா வெயிலில் ஏணி மேலேயே நின்றார்.

இன்ஜினியர் காரை விட்டு இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டார். நான் குறியைக் காட்டினேன். சமர்த்தாக வந்து அதில் நின்றார். "அடடா, என்னம்மா இது, நடந்து உள்ள போயிடலாம் போல இருக்கே!" என்றார். போனை எடுத்துப் படம் பிடித்தார். எனக்கு மனசுக்குள் ஒரே பெருமை. இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும், அப்புறம் தட்டலாம் என்று நின்றேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். கவுன்சிலருக்குப் போன் வந்தது. "சார், மேயர் கூப்பிடறார், கெளம்பணும்" என்றார். நான் தட்டுவதற்குள் கார் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"சார், பின்னாடி பாருங்க சார்!" என்று ஓடினேன். இன்ஜினியர் கண்ணாடியை இறக்கி, "எல்லாம் பாத்தாச்சும்மா, ரொம்ப பிரமாதம்" என்றார். மாமாவுக்கு ஒன்றும் தெரியாமல், நான் கத்தியதைக் கேட்டு முடிச்சை உருவிவிட்டார். திரை விழுந்தபோது பார்க்க நாங்கள் மட்டும்தான் இருந்தோம்.

நடன டீச்சர், "நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டுத்தானே போனாங்க, பணம் வந்துடும்" என்கிறாள். வரும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. கோப்பு அங்கே வந்தால் ஒரு வரி எழுது.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே பிரிவு மாற்றம், ஆய்வுக் கூட்டம் என்று தலைக்கு மேல் வேலை. குட்டிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது.

கோப்பு வந்ததா என்று கேட்டிருந்தாய். எத்தனையோ கோப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் பற்றி வெளியே சொல்லக் கூடாது. ரொம்ப எதிர்பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. இந்த வருடம் நிதி நெருக்கடி எல்லா இடத்திலும் இருக்கிறது.

ஃபிரேம் கடைக்காரர் சொன்னபடி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மாமாவை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்.

தம்பி


மே 9

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. குட்டி மட்டும் நன்றாக இருக்கட்டும்.

மாநகராட்சியிலிருந்து பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன், படி. 'மேற்படி தெருவில் நடைபாதை, மின்விளக்குகள், மூடப்பட்ட வடிகால் ஆகியவை நல்ல நிலையில் உள்ளமை ஆய்வுப் புகைப்படத்தின் வழி தெரியவருவதால், நிதி ஒதுக்கீடு தேவையற்றதெனத் தலைமை அலுவலகம் முடிவு செய்துள்ளது.'

புரிகிறதா? என் துணிக்குத் தெரு என்று பெயர் வைத்துவிட்டார்கள்! மூன்று வாரம் முதுகு ஒடியக் குனிந்து நின்று, எங்கள் தெருவுக்கு எதுவும் தேவையில்லை என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேரே அலுவலகத்துக்குப் போனேன். அந்த இன்ஜினியருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். புதிதாக வந்தவர் படத்தைப் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்பிவிட்டாராம். "சார், அது துணி சார்" என்றேன். "ஃபோட்டோல தெளிவா இருக்கேம்மா" என்கிறார். "வாங்க, நேர்ல வந்து பாருங்க" என்றேன். "ஹெட் ஆபீஸ்லயே முடிவாயிடுச்சு. இனிமே அங்கதான் திறக்கணும்" என்று கோப்பை மூடி அதன் மேல் டீ டம்ளரை வைத்தார். நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்தெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

தெருவுக்குள் தலைகாட்ட முடியவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிரேம் கடைக்காரர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். உன் அலுவலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கண் கெட்ட ஆள் யார்? பதிலோடு வந்த உத்தரவு நகலில் கையெழுத்து வெறும் கிறுக்கலாக இருக்கிறது. கண்டுபிடித்து எழுது. நான் ரயில் ஏறி வந்து அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

அக்கா


மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. ரத்தக் கொதிப்பு ஏறப் போகிறது, தயவுசெய்து அமைதியாக இரு. மாத்திரையை விடாமல் போடு.

நடந்தது வருந்தத்தக்கதுதான். ஆனால் யார் கையெழுத்துப் போட்டார் என்று தேடிக்கொண்டு இங்கே வருவதில் பயன் இல்லை. ஒரு கோப்பு பல மேஜைகளைத் தாண்டிப் போகிறது. ஒருவரை மட்டும் குறை சொல்ல முடியாது. கீழேயிருந்து வந்த குறிப்பை வைத்துத்தான் மேலே முடிவெடுப்பார்கள்.

கோபப்படாமல் யோசித்துப் பார். தப்பு உன் பக்கமும் இருக்கிறது. நாடகத்துக்குச் செய்கிற வேலையை அரசாங்கத்துக்குச் செய்யலாமா? விளக்கு, நடைபாதை என்று போட்டதோடு விட்டிருந்தால்கூட யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். பெஞ்சைப் போட்டு, பெஞ்சுக்குக் கீழே பூனையையும் தூங்கவைத்தால், அதைப் படம் என்று யார் நினைப்பார்கள்?

அடுத்த நிதியாண்டில் மறுபடி விண்ணப்பியுங்கள். புதிய புகைப்படங்களோடு அனுப்புங்கள். நான் சொல்லும் படிவத்தில் அனுப்பினால் சிக்கல் வராது. மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


மே 31

தம்பிக்கு,

பூனையைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை.

பெஞ்சைப் பற்றியும் எழுதவில்லை. அவை கடைசி நாள் காலையில், பெயிண்ட் மிஞ்சியதால் நான் சேர்த்தவை. நீ இந்தப் பக்கம் வந்தே வருடக்கணக்காகிறது. நாங்கள் யாரும் உனக்குப் படம் அனுப்பவில்லை. அந்தப் பூனையைப் பார்த்தவர்கள் இந்தத் தெருக்காரர்கள், அந்த இன்ஜினியர், அப்புறம் அந்தக் கோப்பைத் திறந்தவர்கள்.

அப்படியானால் கோப்பு உன் மேஜைக்கு வந்திருக்கிறது. நீ பார்த்திருக்கிறாய். என் பட்டறையில் எனக்குத் தூரிகை கழுவிக் கொடுத்து வளர்ந்தவன் நீ. மற்றவர்கள் ஏமாறலாம், நீ ஏமாந்தேன் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? பூசி மெழுகாமல் பதில் எழுது.

அக்கா


ஜூன் 27

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறாய். உன் மனைவி, "அவர் குளிக்கிறார் அண்ணி" என்கிறாள். ஒரு மனுஷன் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் குளிப்பானா?

மழை வந்துவிட்டது. தெரு முழுக்கத் தண்ணீர். எது ரோடு, எது சாக்கடை என்று தெரியவில்லை. கொட்டகையிலிருந்து திரைக்கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த உன் மாமா, சாக்கடை வாய்க்குள் காலை விட்டுவிட்டார். கம்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. நான் பார்த்தேன். நீயும் தெரிந்துகொள்.

ஆம்புலன்ஸ் வந்தது. எங்கே வந்தது? அந்த வளைவுக்குக் கீழே வந்து நின்றது. 'அன்போடு வரவேற்கிறது' என்று எழுதியிருக்கிறதே, அங்கே. "உள்ள வந்தா வண்டி மாட்டிக்கும்மா" என்றார் டிரைவர். அவர் மேல் தப்பில்லை. ஃபிரேம் கடைக்காரர் தன் கண்ணாடி வண்டியில் மாமாவைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். ஒவ்வொரு குழிக்கும் மாமா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். மயக்கம் தெளிந்ததும், "உன் தம்பிக்குச் சொல்ல வேண்டாம், பாவம், பயந்துடுவான்" என்றார். பாவமாம்!

உன் அலுவலக இயக்குநருக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். என்ன நடந்தது, திரை எப்படிக் கட்டினோம், எல்லாம் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்த அதிகாரி என் கூடப்பிறந்த தம்பி, அது துணி என்று அவனுக்குத் தெரியும் என்பதும் இருக்கிறது. இன்னும் தபாலில் போடவில்லை. மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் போடுவேன். அதற்கு முன்னால் நீயே போய்ச் சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? உனக்கு மிரட்டலாகத் தெரிந்தால், மிரட்டல்தான்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

மாமா எப்படி இருக்கிறார்? வலி குறைந்திருக்கிறதா? டாக்டர் என்ன சொல்கிறார்? அவர் என்னைப் பாவம் என்று சொன்னதைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

கையெழுத்துப் போட்டது நான்தான். கிறுக்கலாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது என் கையெழுத்து.

கோப்பு கூட்டத்துக்கு வந்தபோது இயக்குநர் அந்தப் படத்தை எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். "ஒரு தெருன்னா இப்படி இருக்கணும். இதுக்கு எதுக்குய்யா பணம் கேக்கறாங்க?" என்றார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வானத்தில் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் கலந்து விடுவாயே, அதைப் பார்த்ததும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் துணி என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் குடும்பம் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். நாடகத்துக்குத் திரை எழுதுகிற வீடு என்று சொல்ல வாய் வரவில்லை. துணி வியாபாரம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடமாக அதையே சொல்லிக்கொண்டு வருகிறேன். அத்தனை பேர் முன்னால் அது உடைந்துவிடுமே என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். சொந்தக்காரர், பேச்சு வரும் என்று உனக்கு எழுதியதெல்லாம் சாக்கு.

நேற்று இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். "அது தெரு இல்ல சார். திரை. எங்க அக்கா எழுதினது." முதலில் சிரித்தார். அறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு, "இது உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?" என்று கேட்டார். அன்றைக்கே தெரியும் என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். தெருப்பணிக் கோப்புகளைப் பார்க்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். உங்கள் கோப்பு மறுபடி திறந்தாகிவிட்டது. நேரில் நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டிருக்கிறார். நீ மனுவைத் தபாலில் போடுவதானால் போடு. நான் தடுக்கமாட்டேன்.

மாமாவிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

குட்டி நடக்க ஆரம்பித்துவிட்டாளாம், உன் மனைவி போனில் சொன்னாள். சந்தோஷம். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். மாமாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் 'துணி வியாபாரம்' என்பதில் வந்து நின்றுவிட்டேன். இந்தத் துணியை விற்றுத்தானே உன்னைப் படிக்கவைத்தோம்? அப்படிப் பார்த்தால் நீ பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

உன் ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். ஒரு பெண் அதிகாரியும் இரண்டு பேரும். இந்தத் தடவை துணியும் இல்லை, குறியும் இல்லை. வளைவுக்குக் கீழேயே நின்று பேசிவிட்டுப் போகலாம் என்று பார்த்தார்கள். விட்டேனா? "நடந்து பாக்கணும்னு உத்தரவு மேடம், நடங்க" என்றேன். அந்த அம்மா நல்ல மாதிரி. சேறு கணுக்கால் வரைக்கும் ஏறிய பிறகும் கொட்டகை வரைக்கும் வந்தாள். கூட வந்தவர்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மாமா விழுந்த இடத்தைக் காட்டினேன். அந்த அம்மா குனிந்து அந்தச் சாக்கடை வாயைப் பார்த்தாள். பிறகு, "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இந்த விஷயமா மெமோ வாங்கினாரே, அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். தெருவே சுற்றி நின்றது. "என் தம்பி. இந்தத் தெருவுலதான் பொறந்தான்" என்றேன். உன் பெயரையும் சொன்னேன். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்.

பணம் ஒதுக்கிவிட்டார்கள். முழுதும் இல்லை. சாக்கடை மூடியும் விளக்கும் இந்த வருடம். நடைபாதை அடுத்த வருடமாம். அடுத்த வருடம் வரட்டும், அப்போதும் நான் உயிரோடுதானே இருப்பேன்? நடன டீச்சர் வீடு வரைக்கும் மூடி போட்டுவிட்டார்கள். உன்னைப் பற்றி எழுதின மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

மாமாவின் கால் நேராகக் கூடவில்லை. இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். இனிமேல் உயரத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொட்டகையில் அடுத்த மாதம் புது நாடகம், பெரிய திரை. கீழே நின்று எழுத என்னால் முடியும். மேலே கட்ட ஆள் இல்லை. நேற்று மாமா ஏணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். உன்னால்தான் இப்படி ஆயிற்று என்று நான் சொல்லமாட்டேன். உன்னால் இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

லீவு போட்டுவிட்டு வா. பகலில் வா, வளைவு வழியாகவே வா. வந்து அந்த மனுஷன் ஏறின ஏணியில் நீ ஏறு. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்க்கட்டும்.

பழைய சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு வா.

அக்கா